எமன் வீட்டில் கை நனைத்தவள்

படத்துக்கென்று வாங்கிய முதல் இரண்டு மாதுளைகளையும் நாங்கள் சாப்பிட்டுவிட்டோம். மூன்றாவதை வாங்கத் தெற்கு மாட வீதிக்குப் போனபோது பழக்கடைக்காரர், "வீட்ல யாருக்காவது ரத்தம் கம்மியாம்மா?" என்று விசாரித்தார். போட்டோ எடுக்க என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அடையாறில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதத்துக்கு ஒருமுறை ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். எல்லோருக்கும் வேறு வேலை; புகைப்படம் ஞாயிற்றுக்கிழமைச் சங்கதி. ஒரு தலைப்பு வைத்துக்கொண்டு ஆளுக்கொரு படம் எடுத்து வர வேண்டும், மற்றவர்கள் அதைக் கிழிப்பார்கள். இந்த முறை தலைப்பு ஸ்டில் லைஃப், அதுவும் புராணத்திலிருந்து. மனிதர்கள் கூடாது, பொருள்கள் மட்டும். முடிவானவுடன் ஒருவர் ஒரு நிபந்தனை போட்டார். "நம்ம புராணம் வேணாம். யாராவது எங்கயாவது புண்பட்டுத் தொலைவாங்க. கிரேக்கம் எடுத்துப்போம். அங்க கேக்க ஆள் இல்ல."

எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். திரு.வி.க. பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் அந்தக் கடைசி வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது. கேட்க ஆள் இல்லை என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? கிரேக்கத்தில் பழைய தெய்வங்களை வணங்குகிறவர்கள் இன்றும் சிறு குழுக்களாக இருக்கிறார்கள், ஆனால் என் உறுத்தல் அவர்களைப் பற்றியது இல்லை. கதைக்குள் இருக்கிறவர்களுக்காகக் கேட்பவர் யார் என்பதுதான். அப்போது அது எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. இப்போது எழுதும்போது வருகிறது.

நம்ம ஊரில் புராணத்தைப் படம் பிடிப்பது புதிதும் இல்லை. 2017 கடைசியில் நரேஷ் நிலும் பரத்வாஜ் சுந்தரும் 'டார்க் இஸ் டிவைன்' என்ற வரிசையைச் சென்னையில் எடுத்தார்கள். லட்சுமியையும் மற்ற தெய்வங்களையும் கறுப்பு நிற மனிதர்களை வைத்து எடுத்த படங்கள். காலண்டர் சாமி ஏன் எப்போதும் ரோஸ் கலரில் இருக்கிறது என்ற கேள்வியை ஒரே பார்வையில் கேட்டுவிட்டார்கள். 2020 காலண்டருக்காக ஜி. வெங்கட் ராம் ரவிவர்மாவின் ஓவியங்களை நடிகைகளை நிறுத்தி மறுபடியும் எடுத்தார். துணி மடிப்பு, நகை, விழும் வெளிச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு திட்டம் போட்டிருப்பார்கள் என்று அந்தப் படங்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். இரண்டிலும் ஒரு ஆள் நின்றார். முகம் இருந்தது. எங்கள் விதிப்படி என் படத்தில் முகம் இருக்காது. முகம் இல்லாவிட்டால் வேலை சுலபம் என்று நினைத்தேன். தட்டு, பழம், பூ, ஜன்னல் வெளிச்சம் போதும்.

அதனால்தான் பெர்செஃபோனி. ஒரே ஒரு பழத்தில் மொத்தக் கதையும் உட்கார்ந்திருக்கிறது. புல்வெளியில் தோழிகளோடு பூப்பறித்துக்கொண்டிருந்த பெண். நர்சிசஸ் பூ ஒன்றை அவளுக்காகவே பூமி பொறியாக முளைக்க வைக்கிறது. அவள் கையை நீட்டியதும் நிலம் பிளந்து பாதாளத்து அரசன் ஹேடிஸ் தேரில் வந்து தூக்கிப் போகிறான். அப்பா ஜீயஸுக்கு முன்பே தெரியும், சம்மதம் கொடுத்தவரே அவர்தான். அம்மா டெமிட்டர் தானியங்களின் தெய்வம். அவள் தேடி அலைகிறாள், கோபத்தில் விளைச்சலை நிறுத்துகிறாள். ஊர் பட்டினி கிடக்க ஆரம்பித்ததும் பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஆள் போகிறது. கிளம்பும் நேரத்தில் ஹேடிஸ் ஒரு மாதுளை முத்தைக் கொடுக்கிறான். அங்கே சாப்பிட்டவர் அங்கேயே திரும்ப வேண்டும். வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு அவள் பாதாளத்தில், மீதி அம்மாவிடம். ஹோமரின் பெயரால் வழங்கும் டெமிட்டர் துதிப்பாடல் சொல்லும் வடிவம் இது. கிறிஸ்துவுக்கு ஆறு, ஏழு நூற்றாண்டுகள் முந்தையது.

திட்டம் போட ஆரம்பித்தேன். எங்கள் வீடு சித்திரக்குளத்துக்குப் பக்கம். சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலை எட்டு மணியிலிருந்து எட்டே முக்கால் வரை ஒரு சாய்வு வெளிச்சம் வரும், பிறகு எதிர் அடுக்ககம் சூரியனை எடுத்துக்கொள்ளும். 50 எம்.எம். லென்ஸ், ட்ரைபாட், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, கால் நொடி. நிழல் பக்கம் லேசாகத் தூக்கிவிட ஒரு தெர்மகோல் அட்டை. பின்னால் கறுப்புத் துணி. பாதாளத்துக்கு அதற்கு மேல் செலவு செய்ய எனக்கு வழியில்லை. வெல்வெட் வாங்க தி. நகர் போனேன். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இரண்டு மீட்டர் கறுப்பு வெல்வெட்டுக்காக நான்கு கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடையில் "கறுப்பு எதுக்கும்மா, மெரூன் எடுத்துக்கோங்க, நல்ல காரியத்துக்கு ஆகும்" என்று அளந்து கொடுத்தார்கள்.

நர்சிசஸுக்கு மயிலாப்பூரில் எங்கே போவது? பூக்கடைகளைச் சுற்றிவிட்டுச் சம்பங்கியில் வந்து நின்றேன். அதுவும் வெள்ளை, மணமுள்ளது, கிழங்கிலிருந்து முளைப்பது. கல்யாண மாலையிலும் கட்டுவார்கள், சாவு மாலையிலும் கட்டுவார்கள். பெர்செஃபோனிக்கு இதைவிடப் பொருத்தமாக நர்சிசஸ்கூட இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழம் பிரச்சினை இல்லை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் மகாராஷ்டிரத்துப் 'பக்வா' ரகம். முத்து அடர்சிவப்பாக இருக்கும், கேமராவுக்கு நல்லது. உடைத்த பிறகு சீக்கிரம் பளபளப்புப் போய்விடும், அதற்குக் கொஞ்சம் கிளிசரினைத் தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும் என்று படித்திருந்தேன். ("அப்புறம் அதை எப்படித் திங்கறது?" என்று பெரியம்மா கேட்டார். கிளிசரின் திட்டம் அத்தோடு கைவிடப்பட்டது.)

தட்டும் பெரியம்மாவுடையதுதான். சீர்வரிசையில் வந்த பித்தளைத் தாம்பாளம். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி, 1966 என்று போட்டிருக்கும். பெயர் படத்தில் விழாதபடி திருப்பி வைக்க வேண்டும் என்று குறிப்பு எழுதிக்கொண்டேன். வெல்வெட், சம்பங்கி, தாம்பாளம், பாதியாக உடைத்த மாதுளை. தட்டில் உதிர்ந்த முத்துக்கள்.

எத்தனை முத்துக்கள்?

இது சின்ன விஷயம் என்றுதான் நினைத்தேன். நான் பார்த்திருந்த படங்களிலும் சிறுவர் கதைகளிலும் ஆறு. ஆறு முத்து, ஆறு மாதம், கணக்கு சரியாக வருகிறது. ஆனால் மூலங்களுக்குப் போனால் ஆறு இல்லை. துதிப்பாடலில் ஒரே ஒரு முத்து. ரோமானியக் கவி ஓவிட், 'மெட்டமார்ஃபோசிஸ்' நூலில் ஏழு என்கிறார். அவரே 'ஃபாஸ்டி'யில் மூன்று என்கிறார். ஒரே கவிஞர், ஒரே கதை, இரண்டு கணக்கு. இதைப் பிழை என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒவ்வொரு எண்ணோடும் அவள் எப்படிச் சாப்பிட்டாள் என்பதும் மாறுகிறது. ஏழு முத்து சொல்லும் இடத்தில் யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. தோட்டத்தில் சுற்றும்போது வளைந்த கிளையிலிருந்து அவளே பறித்துத் தின்கிறாள். அதைப் பார்த்தவன் அஸ்கலாஃபஸ் ஒருவன்தான். அவன் போய்ச் சொல்லிவிட, அவள் திரும்பும் வழி அடைகிறது. கோபத்தில் அவனை ஆந்தையாக்கிவிடுகிறாள்.

துதிப்பாடலிலோ அந்த ஒரு முத்துக்கே இரண்டு சாட்சியம். கதை சொல்பவர் முதலில், ஹேடிஸ் சுற்றுமுற்றும் பார்த்து யாருக்கும் தெரியாமல் கொடுத்தான் என்கிறார். கொஞ்ச தூரம் தாண்டி மகள் தன் தாயிடம் சொல்லும்போது, விருப்பமில்லாத தன்னைப் பலவந்தமாகத் தின்ன வைத்தான் என்கிறாள். திருட்டுத்தனமாகக் கொடுத்தானா, வற்புறுத்தித் திணித்தானா? அறிஞர்கள் நூற்றாண்டுகளாக இதைப் பேசுகிறார்கள். அம்மா கோபிப்பாளோ என்று பயந்து பெண் கூட்டிச் சொல்கிறாள் என்பது ஒரு கட்சி. நடந்ததை அவள்தான் அறிவாள், சொல்பவருக்கு என்ன தெரியும் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. என் கட்சிக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. கதைசொல்லி அந்த முத்தைத் தேனாய் இனிப்பது என்கிறார். பலவந்தம் என்று புகார் சொல்கிற அவளும் அதே அடைமொழியைத்தான் சொல்கிறாள். இனிப்பாக இருந்ததை அவள் மறைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே டெமிட்டருக்குச் சந்தேகம் தட்டுகிறது. அவள் கேட்கும் கேள்வி, 'அங்கே ஏதாவது சாப்பிட்டாயா?' என்பது. அடித்தானா, நீ அழுதாயா என்று கேட்கவில்லை. இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, அடிவயிற்றில் ஒன்று அசையவும் செய்தது. நாளுக்கு மூன்று முறை நம் அம்மாக்கள் போனில் கேட்கும் 'சாப்டியா?' தானே இது! நம் ஊரில் 'சாப்டேன்' என்றால் அம்மாவுக்கு நிம்மதி. டெமிட்டருக்கு அந்தப் பதில் இடி. இந்தத் துதிப்பாடலின் முழு வடிவம் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில்தான் தப்பிப் பிழைத்தது. 1777இல் மாஸ்கோவில் கண்டெடுத்தார்கள். அதில் ஓரிடத்தில் ஏடு கிழிந்திருக்கிறது, சில வரிகள் அரைகுறை. அந்த இடம், தாயும் மகளும் சந்தித்து இந்தக் கேள்வி வரும் இடம்.

ஆக, தட்டில் ஒரு முத்து வைத்தால் துதிப்பாடலின் பக்கம். ஏழு வைத்தால் 'அவளாத்தான் சாப்பிட்டா' என்று சொல்லும் பக்கம். ஒரு பழத்தை வைத்துப் படம் எடுக்கப் போன நான் ஒரு வழக்கில் தீர்ப்பு எழுதுகிற இடத்தில் நின்றேன். ரோசெட்டி 1874இல் முடித்த 'ப்ரோசர்பைன்' ஓவியத்தில் அவள் கடித்த மாதுளையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பார்க்கிறவர் அவள் முகத்தைப் பார்த்து எதையாவது முடிவு செய்துகொள்ளலாம். என் தட்டுக்கு முகம் கிடையாது.

பெரியம்மாவிடம் கேட்டேன். சும்மாதான் கேட்டேன். கதையைச் சொல்லி, எத்தனை வைக்கலாம் என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிராமல், "அப்ப எமன் வீட்ல கை நனைச்சுட்டான்னு சொல்லு" என்றார்.

கை நனைப்பது. இந்த வார்த்தை எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தெரியவில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் காபி குடிப்பார்கள், பஜ்ஜி தின்பார்கள், ஆனால் இலை போட்டுச் சாப்பிட மாட்டார்கள். "முடிவாகட்டுங்க, அப்புறம் கை நனைக்கிறோம்." சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. வேண்டாம் என்று பின்னால் சொல்வது சாப்பிட்ட வீட்டுக்குச் செய்கிற துரோகம். சண்டை போட்ட பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டுக் கை நனைக்காமல் திரும்புகிறவர்கள் இன்றும் உண்டு. கையெழுத்தைவிடச் சோறு கெட்டியானது என்று நினைக்கிற ஊர் இது. கிரேக்கர்களுக்கு நான் விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன். அவர்கள் விதி எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது.

பெரியம்மாவின் கதை எங்கள் குடும்பத்தில் ஒரு ஜோக். அவரைப் பெண் பார்த்தது 1966இல், மாம்பலத்தில் தாத்தா வாடகைக்கு இருந்த வீட்டில். அவருக்குப் பதினெட்டு வயது. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்து இடமும் கிடைத்திருந்தது. வந்தவர்கள் கை நனைக்க மாட்டோம் என்று தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்கள். பெரியவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்து, கேசரித் தட்டை நீட்டி, "நீயும் சாப்பிடு கண்ணு" என்றார். இவர் சாப்பிட்டார். அதற்குள் கூடத்தில் "பொண்ணு சாப்பிட்டா" என்று சேதி போய், தாம்பூலம் மாறிவிட்டது. பயிற்சிப் பள்ளிக்கு அவர் போகவே இல்லை. பெரியப்பா கெட்டவர் கிடையாது, அதிகம் பேசாதவர். ஆனால் அந்தக் குடும்பத்தில் பெரியம்மாவுக்குக் கஷ்டமான வருஷங்கள் இருந்தன. ஒருமுறை பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்தபோது தாத்தா சொன்னாராம்: "அன்னிக்கு ரசிச்சுக் கேசரி சாப்பிட்டியே, அப்ப தெரியலையா?" அதிலிருந்து அவருக்குப் பெயர் 'கேசரிக்கு விழுந்தவ'. விசேஷங்களில் கேசரி வந்தால் யாராவது இதைச் சொல்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சின்ன வயதில் மட்டும் இல்லை, நாற்பது வயதுக்கு மேலும்.

கீரைக் கட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "உங்களுக்கு ஊட்டிவிட்டாங்களா பெரியம்மா? வேணாம்னு சொல்ல முடியலையா?" என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால், ஆமாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பெர்செஃபோனியின் வாக்குமூலம் எனக்கு மாம்பலத்திலிருந்து கிடைத்துவிடும், கட்டுரைக்கும் ஆகும்.

"யாரும் ஊட்டல. நானேதான் எடுத்துச் சாப்பிட்டேன். காலைலேர்ந்து பட்டினி. பட்டுப்பொடவையைக் கட்டி, கசங்கிடும்னு ஒரு எடத்துல உக்கார வச்சிருந்தாங்க. பசி காதை அடைக்குது. கேசரி நல்லாவும் இருந்துச்சு, முந்திரியெல்லாம் போட்டு. ரெண்டாவது வாய்கூட எடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கேசரிக்குத்தான் சரின்னேன். வேற எதுக்கும் யாரும் என்னைக் கேக்கல." கொஞ்சம் நிறுத்தி, "ஓடிப்போய்ச் சொன்னது உங்கம்மாதான். ஒம்பது வயசு அவளுக்கு. அவளுக்கும் கேசரி வேணும், அதான் எட்டிப் பாத்துட்டு இருந்தா" என்றார்.

எனக்கு ஓவிடின் ஆந்தை ஞாபகம் வந்தது. அம்மா போய் ஆறு வருஷமாகிறது. இதை ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை.

சாப்பிட்டால் சம்மதம் என்பது எவ்வளவு பழைய வாதம்! பிளாட்டோவின் 'கிரிட்டோ'வில் ஏதென்ஸின் சட்டங்கள் பேசுவதாக சாக்ரடீஸ் கற்பனை செய்கிறார். உன்னைப் பெற்று வளர்த்துப் படிக்க வைத்தோம், இத்தனை காலம் இங்கேயே இருந்தாய், அதனால் ஒப்புக்கொண்டாய், இப்போது ஓடாதே என்கின்றன அந்தச் சட்டங்கள். 1689இல் ஜான் லாக் இதைப் பேசாச் சம்மதம் என்ற கோட்பாடாக்கினார். ஒரு நாட்டில் ஒரு வாரம் தங்கினாலும், அதன் சாலையில் நடந்தாலும் அதன் ஆட்சிக்கு நீ ஒப்புதல் தந்துவிட்டாய். 1748இல் டேவிட் ஹ்யூம் பதில் கொடுத்தார். தூங்கிக்கொண்டிருந்தவனைக் கப்பலில் தூக்கிப் போட்டுவிட்டு, கடலில் குதித்துச் சாகாமல் இருக்கிறானே, அதனால் கேப்டனின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டான் என்பது போலிருக்கிறது இது என்று. நான் ஹ்யூமைக் கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். தேரில் தூக்கிப் போகப்பட்ட பெண்ணும், பட்டுப்புடவையில் உட்கார வைக்கப்பட்ட பெண்ணும் அந்தக் கப்பலில் இருந்தார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் ஹ்யூமும் பாதிதான் உதவுகிறார். கப்பலில் இருப்பவன் சும்மா இருக்கிறான். பெரியம்மா சும்மா இல்லை. கையை நீட்டினார், தின்றார், ருசித்தார், இரண்டாவது வாயும் எடுத்தார். பாதிக்கப்பட்டவர் என்றால் அந்தப் பண்டம் கசந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கசக்கவில்லை என்று அவர் சொன்ன அடுத்த நிமிஷம், 'அப்படின்னா உனக்கும் இஷ்டம்தானே' என்கிறோம். பசித்த வயிறு கேசரிக்குச் சொன்ன ஆமாமை எடுத்துக்கொண்டு போய் ஐம்பது வருஷத்துக்கு ஒட்டிவிடுகிறோம். துதிப்பாடலில் பலவந்தத்தையும் இனிப்பையும் அவள் ஒரே மூச்சில் சொல்வது முன்பு எனக்கு முரணாகப் பட்டது. இப்போது படவில்லை. இரண்டும் நடந்தன, இரண்டையும் சொல்கிறாள்.

விருந்து என்ற கோணத்திலும் ஒன்று இருக்கிறது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஒரு தகவல் தருகிறார். வசதியான கிரேக்க வீடுகளில் விருந்தாளிக்கு முதல் நாள் கூடவே உட்கார வைத்துச் சாப்பாடு, மறுநாளிலிருந்து கோழி, முட்டை, காய், பழம் என்று அவருடைய அறைக்கே அனுப்பிவிடுவார்களாம். அப்படி அனுப்பும் பண்டங்களை வரைந்த ஓவியங்களுக்கு ஓவியர்கள் வைத்த பெயர் 'க்ஸெனியா', விருந்தினருக்கான அன்பளிப்பு. நாம் ஸ்டில் லைஃப் என்று சொல்வதன் மிகப் பழைய பெயர் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் அதையே 'செத்த இயற்கை' என்கிறார்கள், அதுவும் என் படத்துக்குப் பொருந்தும். துதிப்பாடலில் ஹேடிஸுக்கு ஒரு பட்டம் உண்டு, பலரை வரவேற்பவன் என்று. விருந்தோம்புகிறவன். அவன் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் திரும்புவதில்லை என்பதுதான் அந்த மரியாதையில் உள்ள கேலி. அவன் கொடுத்த மாதுளையும் ஒரு க்ஸெனியாதான். கொடுத்தவன் கணக்கு வைத்துக்கொண்ட அன்பளிப்பு.

நம் எமன் இந்த விஷயத்தில் நாகரிகமானவன். கடோபநிஷத்தில் நசிகேதன் அவன் வீட்டு வாசலில் மூன்று இரவு சாப்பிடாமல் காத்திருக்கிறான். திரும்பி வந்த எமன், விருந்தாளி பட்டினி கிடந்தானே என்று பதறி, இரவுக்கு ஒன்றாக மூன்று வரம் தருகிறான். சாப்பிட்டவள் மாட்டிக்கொண்டாள், சாப்பிடாதவன் வரத்தோடு திரும்பினான். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "பையன் இல்லையா, வெளிய உக்காந்து அடம் பிடிக்கலாம்" என்றார்.

நம்ம புராணம் வேண்டாம் என்று முடிவு செய்தோமே, எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கபாலீசுவரர் கோவிலுக்குள் பூம்பாவைக்குச் சன்னதி இருக்கிறது. வணிகர் சிவநேசரின் மகள். தோட்டத்தில் பூப்பறிக்கப் போனவளைப் பாம்பு தீண்டியது. (பூப்பறிக்கப் போன பெண்! இதுவும் எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை.) அப்பா சாம்பலையும் எலும்பையும் குடத்தில் வைத்துக் காத்திருந்தார். சம்பந்தர் வந்து பதிகம் பாடினார். ஒவ்வொரு பாட்டிலும் மயிலாப்பூரின் ஒரு விழாவைச் சொல்லி, இதைப் பார்க்காமலா போகப் போகிறாய் என்று அவளைக் கேட்கிறார். முதல் பாட்டில் வருவது அடியார்களுக்கு அமுது படைப்பது. பாதாளத்தில் சோறு காட்டிப் பிடித்துவைத்தார்கள் என்றால், மயிலாப்பூரில் சோறு காட்டித் திருப்பி அழைத்தார்கள். குடத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுந்து வருகிறாள். அப்பா அவளைச் சம்பந்தருக்கே மணமுடித்துத் தருவதாகச் சொல்கிறார். உயிர் கொடுத்ததால் நான் தகப்பன் ஆகிறேன் என்று அவர் மறுத்துவிடுகிறார். அழகான மறுப்பு என்றுதான் எப்போதும் நினைத்திருக்கிறேன். இந்த முறை, பேசி முடிவெடுக்கிற இரண்டு பேரையும் விட்டுவிட்டு, பக்கத்தில் ஈரம் காயாமல் நிற்கிற அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் அறுபத்துமூவர் அன்று காலையில் இந்த உயிர்ப்பித்தல் நிகழ்த்திக் காட்டப்படும். மதியத்துக்கு மேல் மாட வீதிகளில் நடக்க முடியாது. முன்பின் தெரியாதவர்கள் கையில் நீர்மோரும் புளியோதரையும் திணிப்பார்கள். நான் எத்தனையோ வருஷம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். சாப்பிட்டதற்காக எதையாவது செய் என்று ஒருத்தரும் பின்னால் வந்ததில்லை. ஒரே ஊரில் இரண்டு விதமான சோறும் இருக்கிறது.

குடத்தை வைத்து ஒரு படம் எடுக்கலாமே என்று ஆசை வந்தது. எடுக்கவில்லை. நிபந்தனைக்குப் பயந்து என்று சொன்னால் பாதி உண்மை. பூம்பாவைக்குக் கேட்க ஆள் இருக்கிறார்கள், வருஷா வருஷம் தெரு கொள்ளாமல் வருகிறார்கள். நான் தேர்ந்தெடுத்தது கேட்க ஆள் இல்லாத பெண்ணை. இப்படித் தேர்ந்தெடுத்ததற்கு என்னிடம் நியாயம் ஒன்றும் இல்லை. ஆனால் எடுத்துவிட்ட பிறகு அவளைப் பற்றிய கணக்கையாவது சரியாகப் பார்க்க வேண்டும்.

அன்று சாயங்காலம் ஒத்திகை பார்த்தேன். வெல்வெட்டை விரித்து, தாம்பாளத்தை வைத்து, பழத்தை உடைத்து, முன்னால் ஒரே ஒரு முத்து. துதிப்பாடலின்படி. திரையில் பார்த்தால் பிரமாதமாக இருந்தது. பித்தளையின் மங்கல் மஞ்சளில் சிவப்புப் பொட்டு மாதிரி. பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"அது ஏன் அங்க கெடக்கு?"

"அதுதான் அவ சாப்பிட்ட முத்து."

"சாப்பிட்டிருந்தா தட்டுல எப்படி இருக்கும்? வயித்துல இல்ல இருக்கும்? இது அவ சாப்பிடாம வச்ச முத்து."

நான் பேசாமல் நின்றேன். ஆறு முத்தை அழகாக வரிசை வைத்து எடுத்த எத்தனை படங்களைப் பார்த்திருக்கிறேன்! அத்தனையும் தின்னாத முத்துக்கள். எண்ணிக் காட்டுவதற்காக வைத்தவை. தின்றது எத்தனை என்று பழத்தில் இருக்கும் பள்ளத்தை வைத்து ஊகிக்கலாம், அதற்கு மேல் முடியாது. அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மறுபடி எல்லாவற்றையும் வைத்தேன். சம்பங்கி வாடியிருந்தது, எடுத்துவிட்டேன். தாம்பாளத்தைப் பெயர் தெரியும்படி திருப்பினேன். பெரியம்மா அதைக் கவனித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. புதுப் பழத்தை உடைத்து அவர் முன்னால் வைத்து, "நீங்க சாப்பிடுங்க. நீங்க நிறுத்துன எடத்துல நான் படம் எடுக்கறேன்" என்றேன்.

"எவ்ளோ சாப்பிடணும்?"

"உங்களுக்கு எவ்ளோ வேணுமோ."

"சுகர் இருக்குடி எனக்கு" என்று சொல்லிக்கொண்டே ஆரம்பித்தார். நான் ட்ரைபாடுக்குப் பின்னால் நின்றேன். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு அறையாகத் தோலை விலக்கி, முத்தை உதிர்த்து, ஒரு கை எனக்கும் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நல்ல பழம். பாதிக்கு மேல் முடிந்து அவர் கையைத் துடைத்தபோது மணி ஒன்பதாகியிருந்தது, வெயில் எதிர்வீட்டுச் சுவருக்குப் போய்விட்டது.

"நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார் பெரியம்மா. நாலாவது பழம் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.